கொம்பையாவின் ஒரு சொல்

கொம்பையா வாயைத் திறந்தது ஒரு நாடாளுமன்றத் தேர்தல் நடந்த கோடையில். அவர் சொல்ல வந்த சொல்லின் முதல் எழுத்து மட்டும் குழியிலிருந்து மேலே வந்து முடிவதற்குள் அந்த நாடாளுமன்றமே கலைந்து, அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் சுவர் பிடித்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் அவருடைய மனைவி வடிவு செங்கரடு கல்குவாரியின் விளிம்பில், வடம் கட்டியிருந்த இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் காவியத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் அவள் அங்கேயே தகரக் கொட்டகை போட்டு, பெட்டிக்கடை வைத்து, சோடாவும் வாழைப்பழமும் விற்றுக்கொண்டு, காதை மட்டும் குழிக்குள் தொங்கவிட்டிருந்தாள். வடத்தை இழுக்கச் சொல்கிறாரா, இழுக்க வேண்டாம் என்கிறாரா என்பதில் கொம்பையாவின் உயிர் இருந்தது.

அதற்கும் பத்து வருஷம் முன்னால் செங்கரட்டில் வைத்த ஒரு வெடி, வழக்கம்போலப் புழுதியைக் கிளப்பிவிட்டு அடங்காமல், குவாரியின் அடித்தளத்தில் கிணறு போல நேராக இறங்கும் ஒரு துளையைத் திறந்துவிட்டது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தவர்கள், துளையின் அடியில் உளுந்து அளவில் கருப்பாக ஒன்று இருப்பதையும், விளக்கின் வெளிச்சம் நேராகப் போகாமல் அதைச் சுற்றி வளைந்துகொண்டு போவதையும் கண்டு, அதற்கு உளுந்து என்றே பேர் வைத்தார்கள். கருந்துளை என்று படித்தவர்கள் சொன்னார்கள். அளவில் உளுந்து, கனத்தில் பாதி பூமி என்றும், அந்தக் கனத்துக்கு அது செங்கரட்டையும் மாவட்டத்தையும் மீதி உலகத்தையும் எப்போதோ விழுங்கியிருக்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏன் விழுங்கவில்லை என்பது உளுந்துக்குத்தான் தெரியும். அதற்கு நேரம் வரவில்லையோ என்னவோ. அதன் பக்கத்தில்தான் நேரம் நகர்வதே இல்லையே.

பெரும் கனத்துக்கு அருகில் காலம் மெதுவாக நடக்கும், அருகே போகப்போக இன்னும் மெதுவாக நடக்கும் என்ற விஷயத்தைச் செங்கரடு இட்லி மாவில் தெரிந்துகொண்டது. துளையின் சுவரில் இரண்டு திட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. முதல் திட்டில் இறக்கி வைத்த மாவு ஒரு வாரம் ஆனாலும் புளிக்கவில்லை. இரண்டாம் திட்டில் வைத்த மல்லிகை, மேலே ஒரு மாதம் போன பிறகும் மொட்டாகவே இருந்தது. அப்புறம் கேட்பானேன், கல்யாண வீட்டுக்காரர்கள் மாலையை இறக்கினார்கள், மீன் வியாபாரிகள் பெட்டியை இறக்கினார்கள், ஏழரைச் சனி பிடித்திருந்த ஒரு பலசரக்குக் கடைக்காரர் தன்னையே இறக்கச் சொல்லி, ஏழரை வருஷத்தையும் ஒரு மத்தியானத் தூக்கத்தில் கழித்துவிட்டு ஏறி வந்தார். சனி கிரகத்தின் கணக்கு மேலே ஓடிய ஏழரை வருஷமா, அவர் உடம்பு வாழ்ந்த ஒரு மத்தியானமா என்று இரண்டு ஜோசியர்கள் போட்ட சண்டை தீராததால், அவர் இன்றுவரை கிரகம் விட்டதா விடவில்லையா என்று தெரியாமலே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

பெண்கள் அதை முதலிலிருந்தே அவள் என்றுதான் சொன்னார்கள். ஆடியில் அவளுக்கு உளுந்தம்மன் என்று பேர் சூட்டி, வடைமாலை சாத்தி, பொங்கலும் வைத்துவிட்டார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஆள் கொம்பையாதான். பலகைத் தொட்டிலில் அவர் இறங்க, மேலே கப்பிக்குப் பக்கத்தில் நின்று அவர் தம்பி மாகாளி வடத்தை விடுவான். காலையில் இறங்கி ஒரு பெட்டியை எடுத்துவிட்டு ஏறினால் மேலே அடுத்த வாரம் ஆகியிருக்கும். அதனால் கொம்பையாவின் வயது ஊரைவிடப் பின்தங்கிக்கொண்டே வந்தது. “இப்படியே போனா நீ எனக்குத் தம்பியாயிருவ போலிருக்கேண்ணே, அப்ப உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா?” என்று மாகாளி கேட்பான். “கூப்பிட்டுத்தான் பாரேன், பல்லு எண்ணிக் கையில தாரேன்” என்பார் கொம்பையா. அவர் இறங்க இறங்க, கட்டியிருந்த வெள்ளை வேட்டி மேலிருந்து பார்ப்பவர்களுக்கு மஞ்சளாகி, காவியாகி, சிவந்து தெரியும். கீழிருந்து ஏறி வரும் வெளிச்சம் அந்தக் கனத்தைப் பிய்த்துக்கொண்டு வருவதற்குள் களைத்துச் சிவந்துவிடுகிறது என்பது விளக்கம். கல்யாணமான புதிதில் வடிவு அந்தக் காவியைப் பார்த்துவிட்டு, புருஷன் சாமியாராகிவிட்டார் என்று அழுதிருக்கிறாள்.

அன்றைக்கு அவர் ஒரு கல்யாண மாலையை எடுக்கப் போனார். இரண்டாம் திட்டில் கால் வைத்ததும் திட்டு பெயர்ந்தது. தொட்டில் கீழே போய், வடம் விறைத்து, ஒரு குலுக்கலோடு நின்றது. கஞ்சி கொண்டுவந்திருந்த வடிவு எட்டிப் பார்த்தபோது, யாரும் போகாத ஆழத்தில், கனிந்த கங்கு நிறத்தில், கையை உயர்த்தி வாயைத் திறந்தபடி கொம்பையா நின்றார். அவர் அசையவில்லை. அசைந்திருப்பார், அதைப் பார்த்து முடிக்க மேலே இருப்பவர்களின் ஆயுள் போதாது.

“இழுத்துருவோமா மைனி?” என்றான் மாகாளி, வடத்தில் கை வைத்தபடி.

“வடம் எங்க சிக்கியிருக்கு பாரு.”

பெயர்ந்த திட்டின் விளிம்பில், உடைந்த கல்லின் கூர்மையில் வடம் அழுந்திக் கிடந்தது. கல் அதை அறுத்துவிட்டதா, சும்மா உரசிக்கொண்டிருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. அறுத்திருந்தால், இழுத்த இழுப்பில் மிச்ச நூலும் போய், அவர் உளுந்துக்குள் போவார். அறுக்காமல் இருந்தால் இழுத்துவிடலாம். இன்னொருவனை இறக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் கால் வைக்கத் திட்டு இல்லாததால் அதற்கும் கீழே போய்த்தான் பார்க்க வேண்டும்; அவன் திரும்புவதற்குள் இறக்கிவிட்டவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருப்பவர் கொம்பையா ஒருவர்தான், அவரும் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தார்.

“அவுகளே சொல்லட்டும்,” என்றாள் வடிவு. “நாம காத்திருக்கது அவுகளுக்கு ஒரு கண்ணடைப்புதான். நமக்குத்தானே வருசம்.”

முதலில் வந்தது ஒரு முனகல். குவாரி முழுக்க, குடத்துத் தண்ணீரில் வட்டம் போடும்படி, தூங்குகிறவர்களின் பல்லில் போய் உட்காரும்படி ஒரு நீண்ட இ. இயற்பியல் அறிந்தவர்கள் அவ்வளவு மெதுவான ஒலி காதில் விழவே விழாது என்பார்கள், விழுந்தது. செங்கரட்டில் பிறந்த குழந்தைகள் அந்த இ-க்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே நடை பழகி, அது நின்று உகரமாக மாறிய வாரத்தில் ஊரில் என்னவோ குறைகிறது என்று அழுதார்கள். வடிவின் கடைக்கு வருகிறவர்கள் சோடாவை உடைக்கும் முன் குழியைப் பார்த்து, “இன்னும் அதே எழுத்துதானா?” என்று கேட்பார்கள். “அதேதான்,” என்பாள் அவள், கோலியைத் தட்டியபடி.

இந்த இடத்தில் மெய்யப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து செங்கரடு அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்த வந்தவர். கல்யாணப் பத்திரிகையில் ஒற்றெழுத்து விட்டுப்போனால் அந்தக் கல்யாணமே செல்லாது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இரவல் வாங்கிய சைக்கிளில் போய் டீக்கடைப் பலகையில் புள்ளி வைத்துவிட்டு வருவார். ஊரில் அவருக்கு நண்பர்கள் என்று யாரும் இல்லை. அவர்தான் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, “குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை,” என்று ஆரம்பித்தார்.

“எந்த மாத்திரை? பிரசருக்கா?” என்றான் மாகாளி.

“காலம்யா! கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம். உங்க அண்ணனோட ஒரு மாத்திரை நமக்கு ஒரு தேர்தல்லேருந்து அடுத்த தேர்தல். அதை வச்சுத்தான் எந்த எழுத்துன்னு அளக்கணும். கவனமா இருங்க, ஆச்சி.”

“யாருக்கு ஆச்சி?” என்று வடிவு வாழைப்பழத் தோலை அவர் மேல் எறிந்தாள். காரைக்குடியில் மரியாதைக்குச் சொல்லும் ஆச்சி செங்கரட்டில் பாட்டி; அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

இ-க்குப் பிறகு ழு வந்தது. செங்கரட்டில் ழ-வை ள-வாகத்தான் சொல்வார்கள். கொம்பையா சொன்னதும் இளுதான். மெய்யப்பன் மனசுக்குள் திருத்திக்கொண்டார். அது ஒரு தேர்தல் காலம் நீண்டு, ஒரு பங்குனிக் காலையில் பட்டென்று நின்றது. பத்து வருஷமாக ஊரின் காதில் இருந்த ஒலி நின்றதும் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர், “இழுன்னுட்டாருலே!” என்று கத்தினார்.

அவ்வளவுதான். பங்குனியில் தேர் இழுக்கிற ஊர் அது. வடமும் கூட்டமும் இழு என்ற சொல்லும் ஒரே இடத்தில் சேர்ந்தால் செங்கரட்டுக்காரர்களின் கைக்கு யோசிக்கத் தெரியாது. டீக்கடையிலிருந்தவன் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தான், முகச்சவரத்துக்கு உட்கார்ந்தவன் நுரையோடு ஓடிவந்தான். ஒரு மூச்சுக்குள் வடத்தின் இருபுறமும் ஆட்கள் நிரம்பி, ஆரவாரத்தோடு கால் ஊன்றிவிட்டார்கள். வடம் அரை முழம் நகர்ந்தது.

வடிவு குறுக்கே விழுந்து வடத்தைக் கட்டிக்கொண்டாள். “என் மேல ஏறி இழுங்க! சொல்லு முடிஞ்சுட்டுன்னு எவன் சொன்னது?”

“மைனி, காதால கேட்டோம்லா!”

அப்போது சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மெய்யப்பன் ஓடிவந்தார். “க்! க்!” என்று கூவினார். விக்கல் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் நீட்டினார். “க் வந்துக்கிட்டிருக்குய்யா! க்-ன்னா தொண்டையை அடைக்கிறது. அடைச்சா சத்தம் வராது. சத்தம் வராததும் எழுத்துதான்! இழுங்கன்னு வந்திருந்தா மூக்கால ஒலி தொடர்ந்திருக்கும். இது இழுக்காதே-யா இருந்தா? வேண்டாம்கிறதைத் தமிழன் கடைசியிலதான்யா சொல்லுவான்!”

கைகள் ஒவ்வொன்றாக வடத்தை விட்டன. அன்றைக்குத்தான் செங்கரடு முதல் தடவையாக ஒரு மெய்யெழுத்துக்குப் பயந்தது.

மௌனம் அரை மாத்திரைக் காலம் நீடித்து உடைந்தபோது, மெய்யப்பன் சொன்னபடியே க-தான் வந்தது. ஆனால் க-வா கா-வா? குறிலாக முடிந்தால் இழுக்கணும் என்கிறார், நெடிலாக ஓடினால் இழுக்காதே என்கிறார். ஒரு மனிதனின் உயிர் ஓர் அகரத்தின் நீளத்தில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு ஊர் வேலைக்குப் போனது, கல்யாணம் செய்தது, சண்டை போட்டது, வாக்களித்தது. குறில் முடிய வேண்டிய மாதம் வந்தபோது எல்லோரும் குவாரி விளிம்பில் கூடினார்கள். அன்றும் அகரம் ஒலித்தது, மறுநாளும் ஒலித்தது, அடுத்த அமாவாசைக்கும் ஒலித்தது.

“நெடில்,” என்றார் மெய்யப்பன். அதற்குள் கண்ணாடி போட்டிருந்தார். “இழுக்காதேங்கிறார்.”

அதன் பிறகு யாரும் வடத்தைத் தொடவில்லை. மாகாளி மட்டும் தொட்டான், பழுது பார்ப்பதற்காக. வடத்தின் அடிப்பாதி கொம்பையாவின் காலத்தில் இருந்ததால் கடையில் வாங்கிய அன்று போலப் புதிதாகவே இருந்தது. மேல்பாதி ஊரின் காலத்தில் இருந்ததால் வெயில் தின்று, மழை தின்று, நாராகப் பிரிந்தது. நைந்ததை மாகாளி வெட்டியெடுத்துப் புதுக்கயிறு முடைந்து சேர்ப்பான். ஆனால் நைவு வருஷா வருஷம் ஒரு முழம் கீழே இறங்கியது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு தடவை முதல் திட்டுக்குக் கீழே போய்ச் சேர்த்துவிட்டு ஏறி வந்தான். மேலே, அவன் மகள் பத்தாம் வகுப்பு முடித்து நின்றாள். “இனி என்னால ஆகாது மைனி,” என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வடிவின் முன்தலை நரைத்து, பிறகு மீதித் தலையும் நரைத்தது.

ஆ நின்றது ஒரு மாசி மாதம். பழைய பழக்கம் மாறி, இந்தத் தடவை யாரும் ஓடிவரவில்லை. நைவு எட்டாத ஆழத்துக்குப் போயிருந்தது. மாகாளி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வடத்தைப் பார்த்துவிட்டு, “ஆடிச் சாரலைத் தாங்காது,” என்றான். ஒரு நனைச்சலில் அது தன் கனத்திலேயே அறுந்துவிடும்.

“அப்ப இழுத்துத்தானே ஆகணும்?” என்றாள் வடிவு.

“இழுக்காதன்னு அண்ணன் வாயால சொல்லியாச்சு. நான் இழுத்து அறுந்துட்டுன்னா? என்னால முடியாது மைனி.”

“இன்னும் தே வரலை,” என்றார் மெய்யப்பன். “நாக்கு பல்லைத் தொட்டுக்கிட்டிருக்கு. வரட்டும்.”

பங்குனி வந்தது. தே வரவில்லை. சித்திரை வந்தது. வடிவு இரவும் பகலும் அந்த மௌனத்தை உற்றுக் கேட்டாள், அதற்குள் ஒரு த் இருக்கிறதா என்று. அப்படி ஒருநாள் மத்தியானம் கேட்டுக்கொண்டிருந்தபோது, கடைக்கு எதிரே தண்ணீர் லாரி வந்து நின்றது. ஒரே குழாயை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அதில் இளையவள் வடிவைப் பார்த்து உச்சக்குரலில் கத்தினாள்:

“ஏ பெரியம்மா, இங்க பாருங்களேன், இவ இழுக்கா!”

வடிவின் கையிலிருந்த சோடா புட்டி விழுந்து உடைந்தது.

செங்கரட்டுப் பக்கத்தில் அவள் இருக்கிறாள் என்பதை இருக்கா என்பார்கள், நிற்கிறாள் என்பதை நிக்கா என்பார்கள். இழுக்கிறாள் என்பது இழுக்கா. அதற்குப் பின்னால் எதுவும் வரத் தேவையில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஊரே கூடி அளந்த சொல்லைத் தன் வாயால் தினம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தும் யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் குழிக்குள்ளிருந்து வரும் சொல்லை எல்லோரும் மெய்யப்பனின் காதால் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

அவள் வெறுங்காலோடு அச்சகத்துக்கு ஓடினாள். “அண்ணாச்சி, தே வராது. சொல்லு முடிஞ்சு போச்சு. இழுக்கான்னு சொல்லுதாவ. அவ இழுக்கா. உளுந்தம்ம அவுகள இழுக்கா!”

மெய்யப்பன் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிர்ந்தார். மறுக்க வாயெடுத்தார். விரலை ஒரு தடவை நொடித்தார், இன்னொரு தடவை நொடித்தார். “முன்னால ஒற்று இல்லாத த-வுக்கு இவ்வளவு நேரம் ஆகாதே,” என்றார் மெதுவாக. பிறகு, “ஆனா உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ரெண்டுக்கும் இதுவரைக்கும் ஒலி ஒண்ணுதான். நீங்க நினைக்கிறது தப்பா இருந்தா நீங்களே அவரை…”

“தெரியும்,” என்றாள் வடிவு.

அவளே போய் வடத்தில் முதல் கை வைத்தாள். மாகாளி வர மறுத்துத் தூணுக்குப் பின்னால் நின்றான், பிறகு வந்தான். பிறகு ஊர் வந்தது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை, தேர் இழுக்கும்போது இல்லாத அமைதியோடு, மூச்சை மட்டும் விட்டு இழுத்தார்கள். முதல் முழம் ஏறுவதற்குச் சித்திரை போயிற்று. ஆட்கள் முறை வைத்துப் பிடித்தார்கள், தூங்கப் போனவனின் இடத்தில் மனைவி நின்றாள். திட்டின் விளிம்பில் வடம் அழுந்தி ஒரு நூல் தெறிக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் உறைந்தார்கள். வடிவு விடவில்லை. “இழு!” என்றாள். இன்னொரு நூல் தெறித்தது. மேற்கே சாரல் மேகம் திரண்டுகொண்டிருந்தது.

இரண்டாம் முழத்தில் குழி மறுபடி ஒலித்தது. ஏதோ ஓர் எழுத்து அடியாழத்தில் எழுந்து வந்தது. தே-யா? மெய்யப்பன் குப்புறப் படுத்து விளிம்பில் காதை வைத்தார். யாரும் கையை விடவில்லை, இனி விடவும் முடியாது; தே என்று வந்தால், இழுக்கக்கூடாத வடத்தை இழுத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். மெய்யப்பனின் முகம் கோணியது, விரிந்தது.

“உதடு!” என்று கத்தினார். “பல்லோடு உதடு! வ-ய்யா, வ!”

ஒரு வாரம் ஓடிய வ-வுக்குப் பின் டி வந்தது, அது ஒரு பகல் மட்டும் ஓடியது; கொம்பையா ஏற ஏற அவருடைய காலம் ஊரின் காலத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது, குரல் முனகலிலிருந்து கனத்த குரலாகி, கனத்த குரலிலிருந்து மனிதக் குரலாகி, வேட்டி கங்கிலிருந்து காவியாகி, காவியிலிருந்து வெளுத்து வர, குழியின் விளிம்பைத் தொட்டில் எட்டிய கணத்தில் அதற்கு மேலே வடம் நாராகப் பிரிந்ததைப் பார்த்த மாகாளி எட்டி அண்ணனின் கையைப் பிடித்து விளிம்புக்கு மேல் புரட்டிப் போட்டான். கடைசி வு, முப்பது வயது ஆம்பளையின் பயந்த குரலில், எல்லோரும் கேட்கும்படி அங்கே வந்து விழுந்தது.

கொம்பையா மண்ணில் கை ஊன்றி எழுந்தார். மூச்சு வாங்கியது. தான் ஒரு மூச்சில் கூப்பிட்ட பெண் பதில் சொல்லவில்லையே என்ற கோபத்தோடு, முன்னால் நின்ற நரைத்த தலையைத் தாண்டி, கூட்டத்துக்குள் வடிவைத் தேடினார்.

“எதுக்கு இப்படிக் கத்துதீய?” என்றாள் அவள், கை எரிச்சலைச் சேலையில் துடைத்தபடி. “இங்கன தானே நிக்கேன்.”